பட்டன் டப்பாவில் ஒன்பது நாள்

ஷஃபான், பிறை 12

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இருபத்தாறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் ஏழாவது கடிதம் இது. ஆறுக்கும் பதில் இல்லை. என் மகன் போன் போட்டால் எடுக்கிறாய். "சின்னம்மா, அம்மா பேசணுமாம்" என்று அவன் சொன்ன உடனே போனைப் பேத்தி கையில் திணித்துவிட்டுச் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிடுகிறாய். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். ஒரே சட்டியில் தின்றவர்கள்.

எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. இரண்டு வேளையும் ஊசி. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இந்த வருஷம் நோன்பு வைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளுக்கு ஓர் ஏழை வீதம் முப்பது பேருக்குச் சாப்பாடு கொடுக்க மகனிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் போன்ற நோயாளிக்கு மார்க்கம் காட்டும் வழி அதுதான்.

நோன்பு மாதம் பிறப்பதற்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மனுஷனுக்கு மனுஷன் செய்த குறையை, பாதிக்கப்பட்டவர் பொறுத்துக்கொள்ளாமல் அல்லாஹ்வும் பொறுப்பதில்லை. ஓத வந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இப்போது எனக்கே அது பாடமாக வந்து நிற்கிறது. நம் இருவருக்கும் நடுவில் என்னவோ, அதற்கு என்னைப் பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதினால் போதும்.

உன் மூத்தவள்

---

ஷஃபான், பிறை 16

அக்கா,

உங்கள் சலாமுக்கு நான் பதில் எழுதவில்லை. பதில் சொல்லாவிட்டால் குற்றம் என்று எனக்குத் தெரியும். அந்தக் குற்றம் என்னிடமே இருக்கட்டும். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், திருத்துவது உங்களுக்குப் பிடித்த வேலைதானே.

நம் நடுவில் "என்னவோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த என்னவோவுக்கு வயது அறுபத்தைந்து நாள். அதற்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். அழுதால் பூனை மாதிரிக் கத்துகிறது என்று.

மறந்திருப்பீர்கள். எனக்கு மறதி கிடையாது. நாற்பத்தொரு வருஷம் முந்தைய நோன்பு. பிறை தெரிந்துவிட்டது என்று தெருவில் சத்தம். பிள்ளைக்கு நாற்பத்திரண்டு நாள். மாமியார் போய்ச் சேர்ந்து வீடு உங்கள் கையில். நீங்கள் சமையலறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தீர்கள். மஞ்சள் ஜாக்கெட், மேல் கொக்கி அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பால் கொடுக்கிறவளுக்கு நோன்பிலிருந்து விலக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அந்தத் தெருவில் ஓதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், வேறு யாரிடம் கேட்பேன். நீங்கள் சல்லடையை நிறுத்தாமலே சொன்னீர்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நாப்பது நாள் முடிஞ்சா எல்லாரும் வைக்க வேண்டியதுதான்."

வைத்தேன். எட்டாம் நாள் பால் வற்றியது. சர்க்கரைத் தண்ணீர் காட்டினோம். வயிற்றால் போக ஆரம்பித்தது. இருபத்திமூன்றாம் நோன்பு, பகல் பன்னிரண்டு மணிக்கு என் மடியில் அடங்கியது. அன்றைக்கும் நான் நோன்பை விடவில்லை அக்கா. பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பாங்கு சொல்லும் வரை காத்திருந்து, பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தது நீங்கள்.

பதினைந்து வருஷம் கழித்து என் மூத்த பெண் பிரசவித்திருந்தபோது, பெண்களுக்கான மார்க்கப் பயானில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் பேசினாள். பால் கொடுக்கிற தாய் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றாள். நான் எழுந்து நின்று, இது புதிதாக வந்த சட்டமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஆரம்பத்திலேருந்தே இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண். அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்குப் பாதி பதில் கிடைத்தது.

மீதிப் பாதி வேண்டும். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? நானும் ஒரு வரிதான் கேட்கிறேன்.

---

ஷஃபான், பிறை 20

தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம்தான் படித்தேன்.

அந்தக் காலத்தில் யாருக்கு என்ன முழுசாகத் தெரியும். நானும் சின்னவள்தானே, இருபத்தாறு வயது. அந்த வருஷம் தண்ணீர் கெட்டு எத்தனை வீட்டில் பிள்ளைகள் போயின. நோன்பு வைக்காத வீட்டிலும் போயின. கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். அவள் சொர்க்கத்தில் உனக்காக வாசலில் நிற்பாள், அந்தப் பாக்கியம் எனக்கு இல்லை. அவளைக் குளிப்பாட்டியது யார்? இந்தக் கைதான். அதை மட்டும் ஏன் உன் ஞாபகம் விட்டுவிட்டது?

ஒரு நோயாளியைக் கூண்டில் ஏற்றி நிறுத்தி என்ன சுகம் காணப்போகிறாய். பொறுத்தேன் என்று எழுதிவிடு. பகையோடு இருக்கும் இருவருடைய மன்னிப்பு, அவர்கள் சமாதானம் ஆகும் வரை நிறுத்திவைக்கப்படும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூத்தவள்

---

ஷஃபான், பிறை 24

அக்கா,

கையைப் பற்றிக் கேட்டீர்கள். குளிப்பாட்டிய கை ஞாபகம் இருக்கிறது. முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது.

கேட்டதற்குப் பதில் இல்லை, பக்கம் மட்டும் நிறைந்திருக்கிறது. சரி. நீங்கள் ஓதியவர், சுற்றி வளைக்கத் தெரியும். நான் காஜா எடுக்கிறவள். துணியில் எங்கே வெட்ட வேண்டுமோ அங்கேதான் வெட்டுவேன், ஒரு நூல் தள்ளிப் போனாலும் சட்டை கெட்டுவிடும்.

நோயாளிக்கு விலக்கு உண்டு, ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்கிறீர்கள். என்னிடம் கேளுங்கள் அக்கா, நான் சொல்கிறேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எல்லாரும் வைக்க வேண்டியதுதான்.

முப்பதும் வையுங்கள். ஊசி, மாத்திரை, சோறு, தண்ணீர், பகலில் எதுவும் கூடாது. டாக்டர் வேண்டாம் என்றாரா? என்னிடமும் ஒருத்தி வேண்டாம் என்றாள், வாய் பேசத் தெரியாததால் கத்தினாள். முப்பதும் முடித்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள், நான் ஒரு பக்கமே எழுதித் தருகிறேன், பொறுத்தேன் என்று.

முடியாதென்றால் முப்பது பேருக்குச் சோறு போட்டுவிட்டுப் போய்ச் சேருங்கள். என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

---

ரமலான், பிறை 2

தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வைத்துவிட்டேன். நேற்று ஒன்று, இன்று இரண்டு.

மகனுக்குத் தெரியாது. அவன் காலையிலேயே மருந்துக்கடைக்குப் போய்விடுகிறான். மருமகளும் வேலைக்குப் போகிறவள். அவர்கள் மூடி வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுகிறேன். நீ சொன்னபடி ஊசியும் இல்லை. பகல் இரண்டு மணிக்கு மேல் சுவர் லேசாக ஆடுகிறது. பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்ததை ஓதுகிறேன்.

நீ சொன்னாய் என்பதற்காக வைத்தேன். இதையாவது நம்பு.

மூத்தவள்

---

ரமலான், பிறை 6

அக்கா,

கடிதம் தையல்கடைக்கு வந்தது. சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். "என்னம்மா, லெட்டரப் பாத்து சிரிக்கிறீங்க?" என்று டெய்லர் கேட்டார். ஊரிலிருந்து நல்ல சேதி என்றேன். நோன்பு வைத்த வாயால் சொன்னேன், பொய்யில்லை.

சுவர் ஆடுவது ஆரம்பம்தான். ஐந்தாம் நாளுக்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். வாய் கொப்பளிக்கும்போது ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள், நான் குடம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, சந்தேகப்பட்டு. இரண்டு மணிக்குப் படுத்துவிடாதீர்கள். நான் படுக்கவில்லை. அந்த நேரத்தில் பத்துப் பேருக்கு மாவு பிசைந்தேன். மார்பு கல் மாதிரி இருந்து, அப்புறம் துணி மாதிரி ஆனது. அதற்கு எந்த மாத்திரையும் கிடையாது.

பயத்துக்கு ஓதுகிறீர்களாம். எனக்கு ஓதத் தெரியாது. ஓதத் தெரிந்தவரைக் கேட்டேன்.

---

ரமலான், பிறை 10

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து கோணலாக இருக்கும், ஒரு கண்ணால் எழுதுகிறேன். நேற்று குளியலறையில் விழுந்துவிட்டேன். நெற்றியில் இரண்டு தையல். வழுக்கிவிட்டது என்று மகனிடம் சொன்னேன். சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தவன் மெஷினையே தட்டிப் பார்த்தான், கெட்டுப்போய்விட்டதோ என்று.

பத்து ஆகிவிட்டது. நடுவில் ஒன்றிரண்டு விடலாமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

---

ரமலான், பிறை 13

அக்கா,

விழுந்தீர்கள், எழுந்தீர்கள். என்னுடையவள் எழவில்லை.

இன்னும் பதினேழு இருக்கிறது.

---

ரமலான், பிறை 17

தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான். மேலே படிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் நான் எழுதித் தீர வேண்டும்.

என் மூத்தவனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது நோன்பு வந்தது. நான் மாமியாரிடம் கேட்டேன். நீ என்னிடம் கேட்ட அதே கேள்வி. அவர் சொன்னதும் அதே பதில். முப்பதும் வைத்தேன். அவன் எலும்பும் தோலுமாகப் பிழைத்தான், இன்றைக்கு மருந்துக்கடை வைத்திருக்கிறான். மறு வருஷம் எனக்கு ஓதிக்கொடுத்த அம்மா பாடம் சொன்னபோதுதான் விலக்கு உண்டு என்று தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் நீ வந்தாய். மாவு சலித்துக்கொண்டிருந்தேன். உன் ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது. உண்டு என்று வாய்வரை வந்தது. எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. அவ்வளவுதான் தங்கச்சி. பெரிய பகை ஒன்றும் இல்லை. ஒரு சல்லடை மாவு சலிக்கிற நேரம். என் பிள்ளை பிழைத்தது, உன்னுடையதும் பிழைக்கும் என்றே நினைத்தேன்.

எட்டாம் நாள் உனக்குப் பால் நின்றது எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் பொய் சொன்னதாக ஆகும். ஓத வருகிற பிள்ளைகளின் தாய்மார் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினைந்து நாள் ஓடியது. பதினாறாம் நாள் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

இன்னும் பதிமூன்று நோன்பு இருக்கிறது. உடம்பு தாங்காது, எனக்கே தெரிகிறது. நீ வைக்கச் சொன்னால் வைக்கிறேன். விடச் சொன்னால் விடுகிறேன். எதுவானாலும் உன் வாயிலிருந்து வரட்டும்.

மூத்தவள்

---

ரமலான், பிறை 19

நீ தெரிந்துதான் சொன்னாய்.

நான் இத்தனை வருஷம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் உன் கையால் எழுதிப் பார்த்தபோது உட்கார்ந்திருந்த இடத்திலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு சல்லடை மாவு.

பொறுக்கமாட்டேன். இந்த மாதமும் இல்லை, எந்த மாதமும் இல்லை.

நோன்பை விட்டுவிடு. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே தண்ணீர் குடி. மகனிடம் சொல்லி ஊசி போட்டுக்கொள். நீ செத்து, அதுவும் என் தலையில் வந்து விழ வேண்டாம்.

---

ஷவ்வால், பிறை 1

தங்கச்சி,

இந்தத் தடவை முதலில் சலாம் எழுதவில்லை. நீ பதில் சொல்லாமல் சேர்த்துவைத்தது போதும்.

உன் கடிதம் நேற்று, முப்பதாம் நோன்பு அன்று, சாயங்காலம் வந்தது. மருமகள்தான் வாசித்தாள், என் கண்ணுக்கு உன் எழுத்து ஓடுகிறது. மேலே பிறை பத்தொன்பது என்று போட்டிருக்கிறாய். உறையில் தபால் முத்திரையைப் பார்க்கச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, எதற்கு மாமி என்றாள். பார்த்துச் சொன்னாள். பிறைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருபத்தெட்டு.

ஒன்பது நாள்.

இனி நான் ஒன்று சொல்கிறேன். முதல் நாள் விடியுமுன் ஊசி போட்டுக்கொண்டு நோன்பு வைத்தேன். பகலுக்குள் கை வெடவெடத்து, கடைக்குப் போன மகன் எதற்கோ திரும்பி வந்து பார்த்து, வாயைப் பிளந்து சர்க்கரையைக் கொட்டினான். அதோடு சரி. இரண்டாம் நாளிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டேன், ஊசி போட்டேன். குளியலறையில் விழவும் இல்லை, தையலும் இல்லை. கை நடுங்குகிற மாதிரி எழுத நான் நடிக்க வேண்டியதில்லை, எப்போதும் அப்படித்தான்.

நோன்பு மாதத்தில் பொய் எழுதினேன். பொய்யை விடாதவன் பசித்திருப்பதில் அல்லாஹ்வுக்கு ஒரு தேவையும் இல்லை. நான் பசித்திருக்கவும் இல்லை. அந்தப் பாவம் என் பக்கம் எழுதப்படட்டும். ஆனால் பதினேழாம் நாள் எழுதியதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. அதை எழுதும்போது ஒன்று தோன்றியது. இவளும் என்னைச் சாக விடுவாளா, பார்ப்போம் என்று. அதற்காகத்தான் கடைசி நாலு வரியை எழுதினேன்.

உன் பேத்தி கையில் கொடுக்கும் அந்தப் போன் இருக்கிறதே, அதில் என் மகனிடம், உங்கம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்று நீ சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. நோன்பை விடச் சொல்லி எழுதவும் எழுதினாய், அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டும் இருந்தாய். எனக்குப் பதினைந்து நாள். உனக்கு ஒன்பது. சாகவில்லை என்பது என் சாமர்த்தியம், உன் நல்ல மனசு இல்லை.

இனிமேல் பொறுத்துக்கொள் என்று உன்னைக் கேட்கமாட்டேன். ஓத வந்த பிள்ளைகள் வரிசையில் இடம் போட்டுச் சண்டை பிடிக்கும். நாம் இரண்டு பேரும் இப்போது ஒரே வரிசை. நீ வேண்டுமானால் எனக்கு முன்னால் நின்றுகொள்.

மூத்தவள்

---

ஷவ்வால், பிறை 4

அஸ்ஸலாமு அலைக்கும், அக்கா.

முதலில் சொல்கிறவருக்கு நன்மை அதிகம் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நன்மைக்காகச் சொல்லவில்லை.

கடிதம் என் பட்டன் டப்பாவில் இருந்தது. பத்தொன்பதாம் நாளே எழுதி, ஒட்டி, தபால்தலையும் போட்டுவிட்டேன். தபால் பெட்டி தையல்கடை வாசலிலேயே தொங்குகிறது, பதினொரு அடி. ஒவ்வொரு நாள் காலையும் டப்பாவைத் திறந்தால் பட்டன்களுக்கு நடுவில் கடிதம் கிடக்கும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நூலை எடுப்பேன். சாயங்காலம் மறுபடி உள்ளே வைத்து மூடுவேன். இருபத்திமூன்றாம் நாள் வரட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு நீங்கள் போய்விட்டால் சரியாக இருக்கும் என்று இருந்தேன். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெய்லர் இரண்டு தடவை கேட்டார், உடம்பு சரியில்லையா என்று.

போன் வரவில்லை. அதற்கு அப்புறம் வந்துவிடுமோ என்று பயம் வந்தது. இருபத்தேழாம் நாள் தொழுகையில் எல்லோரும் கையேந்தி அழுதார்கள். நானும் கையை ஏந்தினேன், கேட்க எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் கொண்டுபோய்ப் போட்டேன். உயிரோடு இருப்பவருக்குப் போடுகிறேன் என்று நினைத்துப் போடவில்லை அக்கா. மகன் போன் போட்டு ஒரு நாள் கேட்பான், நான் எப்போதோ விடச் சொல்லி எழுதிவிட்டேனே என்று அவனிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போட்டேன்.

நீங்கள் தின்றுகொண்டுதான் இருந்தீர்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்றுதான் வந்தது. மடியில் சட்டையோடு உட்கார்ந்து அதைத்தான் நினைத்தேன். அப்புறம் டப்பாவைத் திறந்தேன். உள்ளே கடிதம் இருந்த இடம் மட்டும் பட்டன் இல்லாமல் காலியாகக் கிடந்தது.

பூனைக்குட்டிக்காக உங்களைப் பொறுக்கவில்லை. முந்தின கடிதத்தில் எழுதியது எழுதியதுதான். நீங்களும் கேட்கவேண்டாம்.

ஆனால் அந்த ஒன்பது நாளுக்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதினால் போதும். ஆறு கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை, நீங்களும் போடாமல் இருக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எழுதக் கண் ஒத்துழைக்காவிட்டால் மகனைப் போன் போடச் சொல்லுங்கள். பேத்தியிடம் கொடுக்கமாட்டேன்.